சட்டையிலும் கார்ப்பெட்டிலும் நாசி கண்டார் குழம்பு

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் வாடகை வீட்டில் இருக்கிறேன். நாசி கண்டார் (பல கறிக் குழம்புகளை ஊற்றிய சோறு) பொட்டலத்தைப் பிரிக்கும்போது குழம்பு என் வெள்ளைப் பருத்திச் சட்டையிலும் வீட்டுக்காரர் போட்டிருக்கும் கார்ப்பெட்டிலும் கொட்டிவிட்டது. சட்டையை உடனே சோப்புப் போட்டுத் தேய்த்தேன், மஞ்சள் கறை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது! கடையில் 45 வெள்ளிக்கு ஒரு கறை நீக்கி இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். சட்டை கெட்டுப்போகவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான அல்கலி) பட்டால் சிவக்கும், சோப்பில் இருப்பதும் காரம்தான். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே சங்கதி. நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும்.

இனிமேல்தான் வேலை. குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதனால் முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் கறைமேல் தடவி, கால் மணி நேரம் விட்டு அலசுங்கள். அப்புறம் ஆக்சிஜன் பிளீச். டப்பாவைத் திருப்பி லேபிளில் சோடியம் பெர்கார்பனேட் இருக்கிறதா என்று பாருங்கள். விலை கூடிய கறை நீக்கித் தூள்கள் பலவற்றிலும் வேலை செய்வது இதுதான், விளம்பரத்துக்கு ஏன் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்? வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவிடுங்கள் (இதுவும் காரம், மறுபடி சிவந்தால் பதறாதீர்கள்), அலசி, ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். குர்குமின் வெயிலுக்குத் தாங்காது. கறை முழுசாகப் போகும்வரை டோபிக் கடை டிரையர் பக்கம் போகவே வேண்டாம், சூட்டில் மிச்ச எண்ணெய் துணியில் இறுகிவிடும். பட்டுக்கு இந்த வைத்தியம் ஆகாது, டிரை கிளீனிங்தான்.

கார்ப்பெட்டில் தேய்ப்பதுதான் பெரிய தப்பு, கறை அகலமாகும். குழம்பைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரத் திரவம் கலந்து, வெள்ளைத் துணியில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் நீரால் ஒற்றி, மின்விசிறியை வைத்துக் காயவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கார்ப்பெட் நனைந்து கிடந்தால் பூஞ்சை வந்துவிடும். மஞ்சள் அப்படியே நின்றால், வெளிர் நிற நைலான் கார்ப்பெட்டுக்கு மட்டும் பார்மசியில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடை யாருக்கும் தெரியாத மூலையில் சோதித்துவிட்டுப் போடலாம். கம்பளி என்றால் வேண்டாம். குளோராக்ஸ் (குளோரின் பிளீச்) எதிலும் வேண்டாம், அதோடு வினிகர் கலந்தால் விஷ வாயு வரும்.

கார்ப்பெட் கழுவ ஆள் கூப்பிட்டால் விலையை முதலில் எழுத்தில் வாங்குங்கள். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் வேலையைக் கவனமாகச் செய்தாக வேண்டும். கெடுத்துவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை நீங்களே கோரலாம், வக்கீல் தேவையில்லை. ரசீதை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.