கருமணலைக் கரி போட்டு உருக்கினால் டைட்டானியம் வருமா?

கேள்வி: மண்டைக்காடு பக்கம் கடலோரத்தில் எங்களுக்கு 18 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. தோண்டினால் கருமணல்தான். இதைச் சிரட்டைக்கரி போட்டு உருக்கினால் டைட்டானியம் வரும் என்று ஒரு தரகர் சொல்கிறார். அப்படி எடுத்ததாகப் பளபளவென்று ஒரு கட்டியும் காட்டினார். உலை போட எங்கள் பங்கு 2 லட்சம் ரூபாயாம், தோப்புக்கு ஒரு பவர் பத்திரமும் வேண்டுமாம். பிளஸ் ஒன் படிக்கும் மகன், "கரி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், சரிதான்" என்கிறான். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணமும் வேண்டாம், பவரும் வேண்டாம்.

உங்கள் மணலில் டைட்டானியம் இருப்பது உண்மை. தரகர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். இதே மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் பிரிக்கிறது. பிரிப்பது மட்டும்தான் அங்கே நடக்கிறது, டைட்டானியம் உள்ள இல்மனைட் கனிமமாகவே விற்பனைக்குப் போகிறது. சிரட்டைக்கரியில் வேலை முடியுமென்றால், மணவாளக்குறிச்சியில் இத்தனை காலம் அதை மணலாகவே விற்றுக்கொண்டிருப்பார்களா?

உங்கள் மகன் சொல்வது பாதி சரி. இரும்பு, துத்தநாகம், ஈயம், வெள்ளீயம் இவற்றிடமிருந்து கரி ஆக்சிஜனைப் பிடுங்கிவிடும். டைட்டானியம் அப்படி விடாது. பாறையில் ஒட்டிய சிப்பி மாதிரி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் ஆக்சிஜன் கொஞ்சம் விலகும், ஆனால் அந்த இடத்தில் கரியே போய் உட்கார்ந்துகொள்ளும். கிடைப்பது டைட்டானியம் கார்பைடு என்ற வேறு பொருள், உலோகம் அல்ல. பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொட்டாசியம், சோடியம், கால்சியம் என்று, எந்த உலோகம் அதிகமாக வினைபுரியும் என்று காட்டும் வினைத்திறன் வரிசையை இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். இந்தக் கடற்கரையில் காலடியில் கிடக்கும் டைட்டானியம் அந்த வரிசையில் எங்கே வரும் என்று ஒரு வரி சொல்லிக் கொடுப்பதில்லை. தரகருக்கு அது வசதியாகப் போய்விட்டது.

அப்படியானால் அந்தக் கட்டி எங்கிருந்து வந்தது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். சுத்தமான இல்மனைட்டில் எடைக்கு நூற்றில் சுமார் 37 பங்கு இரும்பே. கரி போட்டு நன்றாகச் சூடேற்றினால் அந்த இரும்பு மட்டும் பிரியும். நார்வேயிலும் கனடாவிலும் பெரிய மின்சார உலைகளில், 1600 டிகிரிக்கும் மேலான சூட்டில், இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். அடியில் இரும்பு இறங்கும், டைட்டானியம் ஆக்சிஜனோடு சேர்ந்தபடியே கசடில் நிற்கும். அவர்கள் அந்தக் கசடுக்காகத்தான் உலை வைக்கிறார்கள். உங்கள் தரகர் கசடைக் காலால் தள்ளிவிட்டு இரும்பைக் கையில் தூக்கிக் காட்டுகிறார்! அதுவும் அவர் உலையில் வந்த இரும்புதானா, ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) வாங்கியதா என்பது வேறு கேள்வி.

ஒரு காந்தம் கொண்டு போங்கள், பழைய ஸ்பீக்கரில் இருப்பதே போதும். கட்டி ஒட்டினால் அது டைட்டானியம் இல்லை. ஒட்டாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், சிலவகை எவர்சில்வரும் ஒட்டாது. எடை போட்டு, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் முழுக்க விடுங்கள். டைட்டானியம் 45 கிராம் இருந்தால் 10 மில்லி தண்ணீர் வழியும். எவர்சில்வரென்றால் 6 மில்லிகூட வராது.

நிஜமாக டைட்டானியம் எடுப்பது வேறு கதை. முதலில் கனிமத்திலுள்ள இரும்பை நீக்க வேண்டும். மிஞ்சுவதைக் கோக் கரியோடு சேர்த்து, 900 டிகிரிக்கு மேல் குளோரின் வாயுவைச் செலுத்தி, டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவமாக்க வேண்டும். ஈரக்காற்று பட்டால் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அந்தப் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும், நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். பிறகு ஆர்கான் வாயு நிரப்பிய மூடிய கலத்தில், உருகிய மெக்னீசியத்தைக் கொண்டு குளோரினைப் பிடுங்க வேண்டும். வினைத்திறன் வரிசையில் டைட்டானியத்துக்கு மேலே இருப்பதால்தான் மெக்னீசியத்தால் அது முடிகிறது. வில்லியம் க்ரோல் என்ற லக்சம்பர்க்காரர் வகுத்த முறை இது. கேரளத்தில் சவராவில் அரசு ஆலை ஒன்று இப்படி எடுக்கிறது. தோப்பில் குழி தோண்டிச் செய்கிற காரியம் அல்ல.

அப்புறம் சட்டம். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது என்பதால் கனிம மணலை அள்ளி விற்கும் உரிமை வந்துவிடாது. தமிழ்நாட்டில் தனியார் இதை அள்ள 2013-லேயே தடை வந்துவிட்டது. மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, அதனால் அணுசக்தித் துறையும் உள்ளே வருகிறது. இதைத் தெளிவாக எழுதிக் கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டும், அது மூன்றாவதற்கு அனுப்பும். ஒரே தாளில் தமிழில் அச்சடித்துக் கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்டினால் பாதித் தரகர்களுக்கு வேலை போய்விடும். யார் செய்கிறார்கள்?

பவர் பத்திரம்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. உலை போட எதற்குப் பவர்? விற்கும் அதிகாரம் சேர்ந்த பொதுப் பவர் கைக்குப் போனால், உலை எரியாமலே தோப்பு கைமாறிவிடும். ஏற்கெனவே பதிவு செய்து கொடுத்திருந்தால் தாமதிக்காமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிவு செய்து, தரகருக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். அப்படியே வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.