விதையிலிருந்து நெட்டிலிங்கம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: அசோக மரத்தின் விதை என்று சொல்லி நண்பர் ஒருவர் கொடுத்தார். ஓரம் அலையலையாக நெளிந்த நீண்ட இலைகள் கொண்ட மரமாம். அது அசோகம்தானா?

பதில்: அல்ல, அந்த இலை நெட்டிலிங்கத்தின் இலை. அசோகம் அவரைக் குடும்பத்து மரம். செம்மஞ்சள் பூங்கொத்தும் தட்டையான நெற்றும் உடையது. நெட்டிலிங்கம் சீத்தாவுக்கு உறவு. தாவரவியலார் 2012-இல் அதைப் பாலியால்தியா என்னும் பேரினத்திலிருந்து மோனூனுக்கு மாற்றினர். விதையைச் சுற்றி நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஐயமில்லை.

கேள்வி: நாற்பது விதைகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து, மூன்று மாதம் டப்பாவில் வைத்திருந்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை, ஐயா. என் மண்ணில் குறையா?

பதில்: மண்ணைக் குறை சொல்ல வேண்டாம், விதைகள் டப்பாவிலேயே இறந்துவிட்டன. நெல்லையும் அவரையையும் காயவைத்துச் சேமித்துப் பழகிய நமக்கு, காய்ந்தால் சாகும் விதைகளும் உண்டு என்பது எளிதில் மனத்தில் படிவதில்லை. நெல் போன்றவற்றின் கரு ஈரத்தை இழந்து உறங்கி, நீர் பட்டதும் விழித்துக்கொள்ளும். நெட்டிலிங்கத்தின் கருவுக்கு அவ்வாறு உறங்கத் தெரியாது, ஈரம் ஓரளவுக்குக் கீழே இறங்கினால் அதன் உயிரணுக்கள் சிதைந்துபோகின்றன, பின்னர் எத்தனை நாள் ஊறவைத்தாலும் மீளாது. நானும் முதல் முறை நிழலில்தானே உலர்த்துகிறோம் என்று நம்பிப் பத்து நாள் விட்டு, ஒரு கூடை விதையை இழந்தேன். ஆகவே பழம் கைக்கு வந்த அன்றோ மறுநாளோ விதைத்துவிடுங்கள். தவிர்க்க முடியாமல் சில நாள் காக்க நேர்ந்தால், பிழிந்தெடுத்த தேங்காய் நார்க் கழிவில் புதைத்து நிழலில் வையுங்கள்; குளிர்பதனப் பெட்டி வேண்டாம்.

கேள்வி: பழத்தை மரத்திலிருந்து பறிக்க வேண்டுமா, கீழே விழுந்ததை எடுக்கலாமா?

பதில்: பச்சைக் காயைப் பறிக்காதீர்கள். கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ கனிந்து, புதிதாக விழுந்த பழமே போதும். அதைவிட நல்லது, வௌவால்கள் சதையைத் தின்றுவிட்டு உதிர்த்த விதை. நாம் செய்ய வேண்டிய துப்புரவு வேலையை அவை முடித்துத் தருகின்றன. நாமே எடுத்த பழமானால் சதையை நீரில் பிசைந்து கழுவிவிட வேண்டும்; இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு பங்கு தோட்டமண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் கலந்து, ஆழமான நாற்றுப் பையில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். பை ஆழமாக இருக்கட்டும், ஏனெனில் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். அடிப்பகுதியில் முட்டிச் சுருண்டால் அக்கோணல் மரமான பின்னும் நீங்காது.

கேள்வி: விதைத்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. தோண்டிப் பார்க்கலாமா?

பதில்: பொறுங்கள். இரண்டு மாதம் வரை காத்திருக்கலாம். தோண்டும்போது, அப்போதுதான் கீழே இறங்கத் தொடங்கிய வேர் முறிந்துவிடும். நிழலும் ஈரமும் மாறாமல் பார்த்துக்கொள்வதே இப்போதைய வேலை.

கேள்வி: தூண்போல ஒடுங்கி, கிளைகள் தொங்கும் மரத்தின் விதையைப் போட்டால் அதே வடிவம் வருமா?

பதில்: பெரும்பாலும் அந்தச் சாயலை எதிர்பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது. தேவைக்கு மேல் நாற்றுகளை வளர்த்து, கிளை அகன்று போகின்றவற்றை நிழல்மரமாக வேறிடத்தில் நடுங்கள். அகன்ற நெட்டிலிங்கமும் அழகே. அதைப் பிடுங்கி எறிவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: இளங்கன்றின் தளிர்களைப் பச்சைப் புழுக்கள் தின்கின்றன. மருந்து அடிக்கலாமா?

பதில்: அடிக்க வேண்டாம். அவை பெரும்பாலும் பச்சைப் புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். சீத்தாக் குடும்பத்து இலைகளே அவற்றின் உணவு. கன்று மிகச் சிறியதாக இருந்தால் புழுக்களைக் கையால் எடுத்துப் பெரிய மரத்தின் இலையில் விடுங்கள். ஆளுயரம் தாண்டிய மரம் அவற்றைத் தாங்கும்.

கேள்வி: எப்போது நிலத்தில் நடலாம்?

பதில்: ஏறத்தாழ ஒரு முழ உயரம் வந்தபின், மழைக்காலத் தொடக்கத்தில், மண்கட்டி உடையாமல் நடுங்கள். மதிலிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளியும், வரிசையில் கன்றுக்குக் கன்று அதே இடைவெளி விட்டும் நடுவது நல்லது.