வௌவால் வேஷமும் ஊசி மிட்டாயும்

கேள்வி: அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கம் குடிவந்து இரண்டு வருடமாகிறது. மகனுக்கு 6 வயது, மகளுக்கு 3. இங்கே அக்டோபர் 31 ஹாலோவீன், பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டுப் போகும் நாள். போன வருடம் அன்று மகன் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பை நிறைய மிட்டாய் வாங்கி வந்தான். மிட்டாய்க்குள் ஊசி, பிளேடு, போதை மாத்திரை வைத்துக் கொடுக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு, அத்தனையையும் குப்பையில் கொட்டினேன். அழுது தீர்த்துவிட்டான். இந்த வருடம் வௌவால் வேஷம் வேண்டும் என்று இப்போதே நச்சரிக்கிறான். கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் பயப்படுவது தப்பா?
- பெயர் வேண்டாம், ஹூஸ்டன்

பதில்: பயந்தது தப்பில்லை, சகோதரி. 'யாராவது மிட்டாய் கொடுத்தா வாங்காதே, பிள்ளை பிடிக்கிறவனா இருப்பான்' என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் குப்பையில் கொட்டியது வீண் வேலை.

உங்கள் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1974 ஹாலோவீன் இரவு, ஹூஸ்டனை ஒட்டிய டீர் பார்க்கில், 8 வயதுப் பையன் ஒருவன் குழாயில் அடைத்த சர்க்கரைத் தூள் மிட்டாயை வாயில் கொட்டிக்கொண்டான். கசக்கிறது என்றான். கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. உள்ளே சயனைடு. இருட்டாகக் கிடந்த ஒரு வீட்டில் கொடுத்தார்கள் என்றார் அப்பா. விசாரித்தால், கலந்ததே அந்த அப்பாதான். பெயர் ரொனால்ட் கிளார்க் ஓ'பிரையன். தலைக்கு மேல் கடன், பிள்ளைகள் பேரில் இன்சூரன்ஸ். மகளுக்கும், ஊர்க்கண்ணை மறைக்க வேறு மூன்று குழந்தைகளுக்கும் அதே மிட்டாயைக் கொடுத்திருந்தார். அதில் ஒரு பையன் குழாயின் வாயில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்னைப் பிரிக்க முடியாமல், அதைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தான். பிழைத்தான். ஓ'பிரையனுக்கு 1984-ல் மரண தண்டனை நிறைவேறியது.

1970-ல் டெட்ராய்ட்டில் ஹெராயினால் இறந்த 5 வயதுப் பையன் விஷயத்திலும் முதலில் மிட்டாய் மேல்தான் பழி. கடைசியில் பார்த்தால், உறவினர் வீட்டில் வைத்திருந்த போதைப்பொருள். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதலான பத்திரிகைச் செய்திகளைப் பல வருடங்களாகத் தோண்டிப் பார்த்திருக்கிறார். முகம் தெரியாதவர் வீட்டு வாசலில் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஊசிக் கதைகளில் பல, பிள்ளைகளே விளையாட்டுக்குச் செய்தவை. எல்லாமே கட்டுக்கதை என்றும் சொல்ல மாட்டேன். 2000-ல் மினியாபொலிஸில் ஒருவர் நிஜமாகவே சாக்லேட்டில் ஊசி வைத்தார். ஒரு பையனுக்கு லேசாகக் குத்தியதோடு போயிற்று.

அப்புறம், இந்தப் பயமே ஆளைக் கொன்ற கதை நம் ஊரில் இருக்கிறது. 2018 மே மாதம், போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு வயதான அம்மா, வழியில் இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பியிருந்த ஊர்க்காரர்கள் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அடுத்த முறை எதையாவது ஃபார்வர்டு செய்யக் கை போகும்போது அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஹாலோவீனில் எதற்குத்தான் பயப்படுவது? காருக்கு. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துக் கணக்கைப் பார்த்த ஓர் ஆய்வின்படி, நடந்து போகிறவர்கள் வண்டியில் அடிபட்டு இறப்பது, முந்தைய வாரத்தையும் அடுத்த வாரத்தையும்விட அன்று மாலை 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து மடங்கு. உங்கள் பையன் சரியாக அந்த வயதில் இருக்கிறான். போடப்போவதோ இருட்டில் தெரியாத கறுப்பு வேஷம்.

அதனால் கணவரைச் சிரித்துக்கொண்டு வீட்டில் உட்கார விடாதீர்கள். கையில் டார்ச் கொடுத்துப் பையனோடு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் பையைச் சாப்பாட்டு மேசையில் கொட்டி இரண்டு நிமிடம் பாருங்கள். உறை பிரிந்ததையும், உறையில் பெயரே இல்லாத 'கம்மி' (gummy) என்கிற ரப்பர் போன்ற மிட்டாயையும் ஒதுக்குங்கள். கஞ்சா கலந்த மிட்டாய் பல மாநிலங்களில் கடையிலேயே கிடைக்கிறது, தவறிப்போய்ச் சின்னக் கைக்கு வந்துவிடும். கெட்டியான உருண்டை மிட்டாய் சின்னவளுக்குத் தொண்டையில் சிக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். மீதி அவனுடையது.

வௌவாலின் முதுகிலும் இரண்டு இறக்கையிலும் வெளிச்சத்தில் மின்னும் பட்டை ஒட்டுங்கள். எந்த வௌவாலுக்கு இப்படி இருக்கிறது என்று சண்டைக்கு வருவான். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.