தாமே எழுதித் தாமே பாடியவர்கள்: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக் பற்றித் தாங்கள் சென்ற மாதம் எழுதிய குறிப்பைப் படித்தபின் அவருடைய மூன்று ஆல்பங்களையும் கேட்டேன். குரல் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அறுபது, எழுபதுகளில் தாமே பாட்டெழுதி, மெட்டமைத்து, கிட்டார் வாசித்துப் பாடிய எத்தனையோ பேர் அன்றே பெரும் புகழ் பெற்றார்கள். இவரைப் போன்றவர்கள் மட்டும் ஏன் பெறவில்லை? உண்மையிலேயே நல்ல பாட்டு என்றால் அன்று கேட்டவர்களுக்கே அது தெரிந்திருக்காதா? இருபத்தாறு வயதில் இறந்துபோனார் என்ற செய்தியோடு கேட்பதால்தான் நமக்கு அதில் ஆழம் தெரிகிறதோ என்று ஐயப்படுகிறேன். தவிர, பாட்டில் வரும் ஆங்கிலம் எனக்கு முழுதாகப் பிடிபடுவதில்லை. என் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

உங்கள் ஐயம் நியாயமானது. அதை நானும் கடந்து வந்திருக்கிறேன். நிக் டிரேக்கின் பாடல்களை நண்பர் ஒருவர் குறுந்தட்டில் பதிந்து கொடுத்தபோது, பாடலுக்கு முன்பே அவருடைய மரணத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதனால் பல ஆண்டுகள் ஒவ்வொரு வரியிலும் 1974 நவம்பர் மாதத்து அந்த இரவின் நிழலைத் தேடியபடியே கேட்டேன். அப்படிக் கேட்டதில் நான் இழந்தது நிறைய. முதல் ஆல்பமான ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’ 1969இல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த அந்த இளைஞர், அனுபவமுள்ள ஓர் இசையமைப்பாளர் தம் பாடல்களுக்கு எழுதிக் கொடுத்த வயலின் பகுதிகளைப் பொருந்தவில்லை என்று மறுத்துவிட்டு, உடன் பயின்ற ராபர்ட் கிர்பி என்ற மாணவரை அழைத்து வந்து எழுதவைத்தார். தமக்கு எந்த ஒலி வேண்டும் என்பதில் அவ்வளவு தெளிவும் பிடிவாதமும் கொண்ட ஒருவரை, சாவை நோக்கி நடந்தவர் என்ற ஒற்றை வரியில் அடக்கிக் கேட்டால் அவருடைய வேலைப்பாடு நம் காதுக்கு எட்டாமலே போகும்.

அந்த வேலைப்பாட்டுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அதே ஆல்பத்தில் ‘ரிவர் மேன்’ என்ற பாடல் இருக்கிறது. ஆங்கில மெல்லிசையில் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையோ மூன்று எண்ணிக்கையோதான் வரும். இந்தப் பாட்டு ஐந்தில் நடக்கிறது. கண்ட நடைக்குப் பழகிய தஞ்சாவூர்க்காரரான உங்கள் காதுக்கு அது உடனே தட்டுப்பட்டிருக்கும். நம் கச்சேரிகளில் கண்ட நடை வந்தால் அது கணக்காக, சாமர்த்தியமாக, கேட்பவரை நிமிர்ந்து உட்காரவைப்பதாக வரும். இங்கே அந்த ஐந்து எண்ணிக்கை கொஞ்சமும் துருத்தாமல், ஆற்று நீர் போல வந்துகொண்டே இருக்கிறது. கிட்டாரில் வலக்கைக் கட்டைவிரல் கீழ்ச் சுரங்களைத் தட்டி நடையைப் பிடித்துக்கொள்ள, குரல் மட்டும் அந்தக் கணக்குக்குள் நிற்காமல் சற்றுத் தாமதித்து எழுந்து, ஓர் ஆவர்த்தனத்தின் விளிம்பைத் தாண்டி அடுத்ததில் போய் இறங்குகிறது. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் வயலின்களை எழுதியவர் ஹாரி ராபின்சன். குரல், கிட்டார், தந்தி வாத்தியக் குழு எல்லாம் ஒரே அறையில், ஒரே நேரத்தில் ஒலித்துப் பதிவானவை. பின்னால் வெட்டி ஒட்டிச் சரிசெய்ய இடமில்லாத அந்த நிலையில் இருபது வயதுப் பையனின் விரல்கள் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. இதை ரசிப்பதற்கு அவர் எப்படி இறந்தார் என்று யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நல்ல பாட்டு என்றால் அன்றே தெரிந்திருக்காதா என்று கேட்கிறீர்கள். கேட்டவர்களுக்குத் தெரிந்தது; கேட்டவர்கள்தான் மிகக் குறைவு. அவர் உயிரோடிருந்த காலத்தில் அவருடைய ஆல்பம் எதுவும் ஐயாயிரம் பிரதிகளுக்கு மேல் விற்கவில்லை என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்தில் ஓர் இசைத்தட்டு விற்க வேண்டுமென்றால் பாடகர் ஊர் ஊராகப் போய்ப் பாட வேண்டும், பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுக்க வேண்டும், வானொலியில் பாட்டு வந்துகொண்டே இருக்க வேண்டும். டிரேக்குக்கு மேடை கூசியது. தவிர, அவர் தம் கிட்டாரை வழக்கமான சுருதியில் வைத்து வாசித்தவரும் அல்லர். பாட்டுக்குப் பாட்டு தந்திகளை வெவ்வேறு சுருதிக்கு மாற்றிக் கட்டுவார். ஒலிப்பதிவுக்கூடத்தில் அது அழகு. மேடையிலோ ஒரு பாட்டு முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு சொல்லும் பேசாமல், நெடுநேரம் முறுக்காணிகளைத் திருகிக்கொண்டிருப்பார். சபை அதற்குள் பேச்சில் இறங்கிவிடும். சில காலத்திலேயே மேடை ஏறுவதை அவர் நிறுத்திக்கொண்டார். வயது வந்த டிரேக் பாடும் காட்சி ஒன்றுகூட இன்று படச்சுருளில் இல்லை.

பிறகு எப்படி அவர் நம் வரை வந்தார் என்பதில் பாட்டின் தரத்துக்குச் சமமாக ஒரு மனிதரின் அக்கறையும் இருக்கிறது. முதல் இரண்டு ஆல்பங்களின் தயாரிப்பாளரான ஜோ பாய்ட் தம் நிறுவனத்தை ஐலண்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு அமெரிக்கா சென்றபோது, நிக் டிரேக்கின் இசைத்தட்டுகளை விற்பனைப் பட்டியலிலிருந்து ஒருபோதும் நீக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். விற்காத சரக்கை அச்சில் வைத்திருக்க எந்த நிறுவனமும் தானாக விரும்பாது. அந்த நிபந்தனையால்தான் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் தேடிப் போன ஒருவருக்கு அந்தத் தட்டு கடையில் கிடைத்தது. கேட்டவர்களில் சிலர் தாமும் பாடகர்களாகித் தம் பேட்டிகளில் அவர் பெயரைச் சொன்னார்கள். 1999இல் ஒரு கார் விளம்பரத்தில் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ பாட்டு ஒலித்ததும் அமெரிக்காவில் விற்பனை பல மடங்கானது. விளம்பரம் வந்ததால் பாட்டு உயர்ந்துவிடவில்லை. கேட்கும் வாய்ப்புத்தான் இருபத்தேழு ஆண்டுகள் தாமதமாக வந்தது.

மரணம்தான் ஆழத்தைத் தருகிறது என்ற உங்கள் ஐயத்துக்கு ஆங்கிலேயப் பாடகி வாஷ்டி பன்யன் நல்ல மறுமொழி. 1968இல் அவர் ஒரு குதிரை வண்டியில் புறப்பட்டார். பாடகர் டோனவன் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பக்கம் இடம் வாங்கி, கலைஞர்கள் கூடி வாழலாம் என்று அழைத்திருந்தார். வண்டியை இழுத்த குதிரையின் பெயர் பெஸ். நடை வேகத்தில் போகும் வண்டி, வழியெல்லாம் மழை, இருட்டுகிற இடத்தில் தங்கல் என்று ஓராண்டுக்கும் மேலாக நீண்ட அந்தப் பயணத்தில் அவர் பாடல்களை எழுதிக்கொண்டே போனார். போய்ச் சேர்ந்தபோது டோனவன் அங்கே இல்லை. அந்தப் பாடல்களே ‘ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே’ என்ற பெயரில் 1970இல் வெளிவந்து, கேட்க ஆளில்லாமல் ஓய்ந்தன. அவர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். 1997இல் முதன்முதலாக ஒரு கணினி வாங்கி, இணையத்தில் தம் பெயரைத் தேடியபோதுதான், அந்தத் தட்டைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்கே தெரிந்தது. 2000இல் அது மறுபடி வெளியானது. 2005இல், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, இரண்டாவது ஆல்பம் வந்தது. காதோரம் சொல்வது போன்ற அதே மெல்லிய குரல். இதில் சாவும் இல்லை, சோகக் கதையும் இல்லை. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

அதே 1970இல் அமெரிக்காவில் லிண்டா பெர்ஹாக்ஸ் ‘பேரலலோகிராம்ஸ்’ என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார். கலிபோர்னியாவில் ஒரு பல் மருத்துவமனையில் பற்களைச் சுத்தம் செய்யும் பணியில் இருந்தவர். அங்கே சிகிச்சைக்கு வந்த திரை இசையமைப்பாளர் லெனர்ட் ரோசன்மன் அவருடைய பாடல்களைக் கேட்டுவிட்டுத் தாமே தயாரித்தார். தலைப்புப் பாட்டில் ஒரே குரல் பல அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நடுவில் வார்த்தையே இல்லாத ஒரு வெளிக்குள் போய்த் திரும்புகிறது. தட்டாக அச்சாகி வந்தபோது அந்த நுட்பங்கள் மங்கிப்போயிருந்தன. ஒருமுறை கேட்டுவிட்டு மனம் வெறுத்த அவர் தம் வேலைக்கே திரும்பிவிட்டார். அடுத்த ஆல்பம் 2014இல்தான் வந்தது. அன்று அந்தத் தட்டை வாங்கிய ஒருவர் ஒதுக்கியிருந்தால், அவர் ஒதுக்கியது லிண்டா பாடியதையா, மோசமான அச்சையா?

ஜெர்மனியின் சிபில் பையர் இன்னும் ஒரு படி மேலே. 1970க்கும் 1973க்கும் இடையில் வீட்டில் தனியாக ஒலிநாடாவில் பாடி வைத்துக்கொண்டவர். தட்டு எதுவும் வரவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து மகன் அவற்றைக் குறுந்தட்டாக்கி வீட்டாருக்குக் கொடுத்தார். அதில் ஒன்று ஓர் இசைக்கலைஞரின் கைக்குப் போய், அங்கிருந்து 2006இல் உலகுக்கு வந்தது. மகன் அந்த நாடாவைத் தூசி தட்டியிராவிட்டால் நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். காலம் நல்லதைக் கட்டாயம் காப்பாற்றும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லாமல்போனது இவரைக் கேட்ட பிறகுதான்.

கதை பாட்டை மறைக்கிறது என்ற அளவில் நான் உங்கள் பக்கம். டெட்ராய்ட்டின் பாடகர் ரோட்ரிகஸ் தென்னாப்பிரிக்காவில் புகழ்பெற்றிருந்தது அவருக்கே தெரியாது என்ற செய்தியை வைத்து 2012இல் வந்த ஆவணப்படம் ஆஸ்கர் வென்றது. அவர் 1979லும் 1981லும் ஆஸ்திரேலியாவில் ரசிகர்கள் முன் பாடிவந்தவர் என்பதை அந்தப் படம் சொல்லவில்லை. சொன்னால் கதையின் கூர்மை குறைந்துவிடும். அமெரிக்கப் பாடகி ஜூடி சில் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய கொள்ளைக் குற்றத்தையும் போதைப் பழக்கத்தையும் 35 வயதில் நேர்ந்த மரணத்தையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சீர்திருத்தப் பள்ளியில் ஆர்கன் வாசிக்கக் கற்றுக்கொண்ட அந்தப் பெண், 1973இல் வந்த ‘ஹார்ட் ஃபுட்’ ஆல்பத்துக்கு இசைக்குழுவின் பகுதிகளைத் தாமே எழுதித் தாமே நடத்தினார் என்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை. அந்த ஆல்பத்தின் கடைசிப் பாடலில் குரல்கள் தேவாலயப் பாடல் போல ஒன்றின்மேல் ஒன்று எழும்பிச் செல்வதைக் கேட்டுவிட்டு யாரும் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

டிரேக்குக்கு நம் பக்கத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. அவர் 1948இல் பிறந்தது ரங்கூனில்; அவருடைய தாய் மோலியும் அங்கேயே பிறந்தவர். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது மோலியும் அவருடைய சகோதரியும் அங்கிருந்து தப்பி டெல்லிக்கு வந்தார்கள். அகில இந்திய வானொலியில் சகோதரிகளாகச் சேர்ந்து பாடினார்கள். அதே ஆண்டில்தான் நம்மவர்கள் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையுமாக நடந்து ஊர் திரும்பினார்கள். வழியில் ஆங்கிலேயர்களுக்குக் கிடைத்த உதவி அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். மோலியும் தாமே பாட்டெழுதிப் பியானோ வாசித்துப் பாடியவர். ஐம்பதுகளில் கணவர் வீட்டிலேயே பதிவுசெய்து வைத்த அந்தப் பாடல்கள் இந்த நூற்றாண்டில்தான் வெளிவந்தன.

எங்கிருந்து தொடங்குவது? ‘பிங்க் மூன்’ ஆல்பத்தை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்கப் பதிவானது. பதினொரு பாடல்கள், மொத்தம் 28 நிமிடங்கள். ஒரு குரல், ஒரு கிட்டார், முதல் பாட்டில் மட்டும் சில துளிப் பியானோ. ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் மூன்று முறை சொற்களை விட்டுவிட்டு, இரவில், காதில் மாட்டிக்கொண்டு, கட்டைவிரல் வாசிக்கும் கீழ்ச் சுரங்களை மட்டும் பின்தொடருங்கள். நான்காம் முறை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எளிய சொற்கள்தான். அது முடிந்ததும் மோலியின் பதிவுகளுக்குப் போங்கள். வீட்டுக் கருவியின் இரைச்சலுக்கு அடியில் ஒரு தாய் தனக்காக மட்டும் பாடுவது கேட்கும். ஒரு வரியின் முடிவில் மெட்டு இறங்கி அமரும் இடம் வரும்போது நிறுத்திவிட்டு, மகனுடைய பாட்டை மறுபடி போட்டுப் பாருங்கள். அந்த ஒற்றுமை எனக்குக் கேட்கிறது; உங்களுக்கும் கேட்கிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்.