பதில்: பையனுக்கு மூளை ஸ்கேன் எடுக்கணுமா?

உங்க 8 வயசு பையன் பழகின வார்த்தைய டக்குனு படிக்கிறான், ஆனா 'மிடலு', 'பகிசு'னு அர்த்தமில்லாம எழுதிக் குடுத்தா திணறுறான், டிஸ்லெக்சியாவுல (எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுல வர்ற சிரமம்) மூளைக்குள்ள கனெக்‌ஷன் கம்மினு எங்கயோ படிச்சிட்டு ஸ்கேன் எடுக்கலாமானு கேட்டிருக்கீங்க. அதுக்காக ஸ்கேன் வேணாங்க. 1998லயே பெட் ஸ்கேன் (மூளையில எந்தப் பகுதி வேலை செய்யுதுனு காட்டுற ஸ்கேன்) வச்சு பாத்திருக்காங்க, நல்லா படிக்கிறவங்களுக்கு இடது பக்க ஆங்குலர் கைரஸ்ங்கிற பகுதி பார்வைப் பகுதியோடயும் மொழிப் பகுதியோடயும் சேந்து வேலை செய்யுது, டிஸ்லெக்சியா உள்ளவங்களுக்கு அந்த சேர்க்கை கம்மியா இருந்துது, ஆனா அது குரூப் சராசரி, அதுவும் பெரியவங்கள வச்சு பண்ணது, அத வச்சு ஒரு தனி குழந்தைக்கு இருக்கு இல்லனு சொல்ல முடியாது.

நீங்க கவனிச்ச அந்த திணறல் இருக்கே, அதுதான் ஸ்கேன விட பெரிய க்ளூ. பழகின வார்த்தைய உருவத்த பாத்தே சொல்லிடலாம், புதுசுன்னா ஒவ்வொரு எழுத்தையும் அதோட சத்தத்துக்கு மாத்தி ஒட்டணும், அங்கதான் மாட்டிக்கிறான். மொதல்ல கண்ணு, காது செக் பண்ணிடுங்க, அப்புறம் இத டெஸ்ட் பண்ணத் தெரிஞ்ச சைக்காலஜிஸ்ட் இல்ல ஸ்பெஷல் எஜுகேட்டர்கிட்ட போங்க. வீட்ல தினமும் கொஞ்ச நேரம் சத்தத்த பிரிச்சு சேக்குற விளையாட்டு போதும், திட்டாதீங்க.