டஹாப் கேள்வி பதில்: கடலுக்கு முன் மலை, காற்றுக்கு முன் கடல்

எகிப்தின் சினாய் தீபகற்பத்தில், அகபா வளைகுடாக் கரையில், ஷார்ம் எல் ஷேக்குக்கு வடக்கே ஏறக்குறைய 90 கி.மீ. தூரத்தில் இருக்கிறது டஹாப். கரையிலிருந்து நாலு எட்டு நடந்தால் டைவ் இடம். படகே தேவையில்லை. திரும்பிப் பார்த்தால் மொட்டை மலையும் மணலும். வந்த கேள்விகளையும் பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன். விலை எதுவும் எழுதவில்லை. எகிப்து பவுண்டின் மதிப்பு மாறும் வேகத்தில் அடுத்த மாதமே அது தப்பாகிவிடும்.

மணல்வீடு: சார், கையில ஒரு வாரம் லீவு. டைவிங், சினாய் மலை, பாலைவனத்துல ஒரு ராத்திரி, மூணும் வேணும். எதை முதல்ல வெச்சுக்கறது?

மலைதான் முதலில். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வந்த உற்சாகத்தில் மூன்று நாள் டைவ் அடித்துவிட்டு, களைப்பாக இருக்கிறதென்று நாலாம் நாள் மலைக்குக் கிளம்புவது. டைவ் முடிந்த பிறகும் உடம்பில் நைட்ரஜன் கரைந்தே இருக்கும். உயரே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, அந்த வாயு மூட்டிலும் நரம்பிலும் குமிழாகப் பிரியலாம். விமானம் ஏறுவதற்குச் சொல்லும் விதியே இதற்கும்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேர இடைவெளி, ஒன்றுக்கு மேல், அல்லது தொடர்ந்து சில நாள் என்றால் 18 மணி, டிகம்ப்ரஷன் நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற, ஏறும் வழியில் கட்டாயமாக நிற்பது) தேவைப்பட்ட டைவ் என்றால் இன்னும் அதிகம். சினாய் மலை உச்சி 2285 மீட்டர். அடிவாரத்து செயின்ட் கேத்தரின் ஊரே 1600 மீட்டர் அளவில் இருக்கிறது. மலைக்குப் போகும் வண்டி டஹாபிலிருந்து இரவு 11 மணி வாக்கில் கிளம்பும். பிற்பகல் 3 மணிக்குத் தண்ணீரிலிருந்து ஏறியவர் அடிவாரத்தில் நிற்கும்போது 10 அல்லது 11 மணி நேரம்தான் ஆகியிருக்கும். கணக்கு இடிக்கிறது, பாருங்கள்.

அதனால் முதல் நாள் வந்து தூங்குங்கள். இரண்டாம் நாள் இரவு மலை. இறங்கி வரும் வழியிலேயே அயின் குத்ரா பாலைவனச் சோலையும் வெள்ளைப் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. பாலைவன இரவை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அதுவும் மேட்டு நிலம்தான், ஆகவே டைவுக்கு முன் முடிவதே நல்லது. நாலு, ஐந்து, ஆறு டைவிங். கடைசி நாள் தண்ணீரில் இறங்காமல் விமானம்.

மலை பற்றி இன்னொன்று. ஒட்டகப் பாதை உச்சிவரை போகாது; கடைசி 750 படிகளை எல்லோரும் நடந்தே ஏற வேண்டும். ஜபலியா பழங்குடி வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள். குளிர்காலத்தில் உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஏறும்போது வியர்த்த பனியனோடு சூரியோதயத்துக்காக உட்கார்ந்தால் நடுக்கம் எடுத்துவிடும், மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். கீழே இருக்கும் மடாலயம் ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கட்டியது. காலையில் சில மணி நேரம்தான் திறப்பார்கள். வெள்ளி, ஞாயிறு, ஆர்த்தடாக்ஸ் திருநாள்களில் மூடியிருப்பது வழக்கம் என்பதால் கிழமை பார்த்து இரவைத் தேர்ந்தெடுங்கள்.

ஷார்ஜாவாசி: எந்த மாசம் நல்லது?

அக்டோபர், நவம்பர். அடுத்தது ஏப்ரல், மே. தண்ணீர் பிப்ரவரி, மார்ச்சில் 21 அல்லது 22 டிகிரிக்கு இறங்கும், ஆகஸ்டில் 28ஐத் தொடும். கோடையில் 3 மி.மீ. உடை போதும். குளிர்காலத்தில் 5 மி.மீ. உடையோடு தலைமூடியும் வேண்டும். குளிருவது தண்ணீருக்குள் அல்ல, வெளியே வந்து வடகாற்றில் நனைந்த உடையோடு நிற்கும்போதுதான்.

புதுவைப் பையன்: அண்ணா, நான் டைவிங் கத்துக்கிட்டது புதுச்சேரில. ஆறு கிலோ வெயிட் கட்டுவேன். செங்கடல்ல உப்பு அதிகம்னு நாலு கிலோ கூட்டச் சொல்றாங்க, சரியா?

தப்பு. மிதந்துவிடாமல் இருக்க இடுப்பில் கட்டும் இந்த எடை, நீச்சல் குளத்தில் சரிபார்த்தது என்றால்தான் இரண்டு, மூன்று கிலோ கூட்ட வேண்டிவரும். நீங்கள் ஏற்கெனவே கடலில் பழகியவர். அகபா வளைகுடாவில் ஒரு லிட்டருக்கு 40 கிராமுக்குச் சற்று மேல் உப்பு, சாதாரணக் கடலில் 35. அடர்த்தி வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. சாமானோடு சேர்த்து 100 கிலோ என்றால் அரை கிலோ கூட்டினால் போதும். உடை தடிமனானால் அதற்குத் தனியாக ஒன்றிரண்டு கிலோ. டேங்க் இரும்பா அலுமினியமா என்றும் கேளுங்கள். காற்று தீரும்போது அலுமினிய டேங்க் மேலே மிதக்கப் பார்க்கும். முதல் டைவ் முடிவில், டேங்கில் 50 பார் அழுத்தம் மிச்சமிருக்கும்போது, பிசிடியை (காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் சட்டை) காலி செய்து சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நின்றால் எடை சரி. தலை முழுகினால் ஒரு கிலோ கழற்றுங்கள். நாலு கிலோ கூடுதலாகக் கட்டியவர் அதை ஈடுகட்ட பிசிடியில் காற்றடைத்து, ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறி இறங்கித் தவிப்பார். பவளத்தை உதைத்து உடைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான்.

ஆழம்பார்ப்போன்: அட்வான்ஸ்டு சான்றிதழ் இருக்கு, 40 டைவ் முடிச்சாச்சு. ப்ளூ ஹோல்ல அந்த வளைவு வரைக்கும் போய் எட்டிப் பாத்துட்டு வந்துடலாமா?

வேண்டாம். உங்கள் சான்றிதழ் 30 மீட்டருக்கு. பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லையே 40. ப்ளூ ஹோல் என்பது கரையை ஒட்டிய ஆழமான கடற்குழி; அதை வெளிக்கடலோடு இணைக்கும் அந்தப் பாறை வளைவின் கூரை ஏறக்குறைய 55 மீட்டரில் இருக்கிறது. கரையில் இறந்தவர்களின் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக இருக்கின்றன. 2000 ஏப்ரலில் யூரி லிப்ஸ்கி என்ற டைவர் இங்கே இறந்தது அவருடைய கேமராவிலேயே பதிவானது.

ஏன் இத்தனை பேர்? காற்றுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 லிட்டர் டேங்க், 200 பார், ஆக 2400 லிட்டர். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவருக்கு 56 மீட்டரில் அழுத்தம் 6.6 மடங்கு, அதாவது நிமிடத்துக்கு 132 லிட்டர். முழு டேங்கும் 18 நிமிடத்தில் தீரும். அதில் இறங்கவும் ஏறவும் வழியில் நிற்கவும் வேண்டும். பயந்து மூச்சு வாங்கினால் ஒன்பது நிமிடம். நைட்ரஜன் போதை வேறு அந்த ஆழத்தில் குடித்தவரைப்போல் ஆக்கிவிடும். கேஜைப் பார்ப்பீர்கள், எண் மண்டையில் ஏறாது. அதற்கும் மேல், தண்ணீர் அவ்வளவு தெளிவு என்பதால் வளைவின் மறுமுனை வெளிச்சம் பத்தே மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் 26 மீட்டர் நீளம். கீழே தரையும் கண்ணுக்கு எட்டாது. உடை அழுத்தத்தில் நசுங்கி மிதப்பு குறைந்து, இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் வளைவைத் தாண்டிக் கீழே போனவர்கள் உண்டு. நைட்ராக்ஸ் 32 (32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள கலவை) எடுத்துப் போனால் இன்னும் மோசம். அங்கே ஆக்சிஜன் அழுத்தம் 2.1 பார் ஆகும்; பாதுகாப்பு எல்லை 1.4. தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் ரெகுலேட்டர் (டேங்கிலிருந்து மூச்சிழுக்கும் வாய்க்கருவி) வாயில் நிற்காது.

உங்களுக்கு ஏற்றது, உள்ளூர் வழிகாட்டியுடன் ‘பெல்ஸ்’ வழியாக இறங்கி ப்ளூ ஹோலுக்கு வருவது. கரையோரப் பாறையில் ஒரு பிளவு, புகைபோக்கிபோல் செங்குத்தாக இறங்கி 27 முதல் 30 மீட்டரில் வெளியே விடும். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். டேங்க் பாறையில் இடித்து மணிபோல் ஒலிக்கும். தலை கீழாகப் போகிறோமே என்று வேகமாக விழுந்தால் காது அடைத்துக்கொள்ளும், பின்னால் வருபவரால் நிற்கவும் முடியாது. ஆகவே நுழைவதற்கு முன்பே காதைச் சமன் செய்யத் தொடங்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் தொடருங்கள். வெளியே வந்ததும் பிசிடியில் கொஞ்சம் காற்று. இல்லாவிட்டால் கீழே வெறும் நீலம்தான், எங்கே நிற்பீர்கள் என்று சொல்ல முடியாது. பிறகு சுவர் வலது தோள்பக்கம் இருக்கும்படி தெற்கே, மெல்ல ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் 6 அல்லது 7 மீட்டரில் ஒரு தாழ்வான வாசல். அதன்மேல் ஏறி ப்ளூ ஹோலுக்குள் நுழைந்து சேஃப்டி ஸ்டாப், அதாவது மேலே வருமுன் சற்று நின்று ஏறுவது. அழகெல்லாம் அந்த வெளிச் சுவரில்தான். ப்ளூ ஹோலின் உள்பக்கம், நேர்மையாகச் சொன்னால், சுமார்.

ஈரத்துண்டு: கரையிலருந்து இறங்கறதுல என்ன கஷ்டம்? நடந்து போறதுதானே?

20 கிலோ சுமையோடு வழுக்குப் பாறையில் நடப்பது. அடி தடித்த பூட்ஸ் வேண்டும், துடுப்பின் பாத உறையும் அதற்குத் தக்க அளவு. துணையின் தோளைப் பிடித்து, பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் கடல் முள்ளெலியை மிதிக்காமல் தப்பலாம். தண்ணீர் இடுப்பளவு வந்ததும் பிசிடியில் காற்றடைத்து மிதந்துகொண்டே துடுப்பு மாட்டுங்கள். ஒற்றைக்காலில் நின்று மாட்டப் பார்ப்பவரைத்தான் அலை தள்ளும். ரெகுலேட்டர் வாயிலும் மாஸ்க் முகத்திலும் இருக்க வேண்டும், ஏறி வரும்போதும் கரை வரை கழற்றக் கூடாது. வடகாற்று பிற்பகலில் வலுக்கும். ஆகவே ‘கேன்யன்’, ‘பெல்ஸ்’ இரண்டுக்கும் காலை 8, 9 மணிக்கே போய்விடுங்கள்.

பச்சைத்தண்ணி: கேன்யன் குகையா? எனக்கு இருட்டுன்னா பயம்.

கடலடிப் பாறையில் ஒரு நீளப் பிளவு அது; மேல்பிளவு திறந்தே இருப்பதால் வெளிச்சம் இறங்கும். ஆனாலும் சில இடங்களில் தலைக்கு மேல் கூரை உண்டு. வாய் 18 முதல் 20 மீட்டரில், தரை 30இல். தரை முழுக்க மாவுபோல் மணல். துடுப்பைக் கீழ்நோக்கி அடித்தால் பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. முழங்காலை மடக்கித் தவளைபோல் பக்கவாட்டில் உதையுங்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒன்று வர, ஒன்று தொடாமல். 30 மீட்டரில், டேங்கில் சாதாரணக் காற்றென்றால் 20 நிமிடத்துக்குள் கிளம்ப வேண்டும், நைட்ராக்ஸ் 32 கொஞ்சம் கூடுதல் நேரம் தரும். ஒரு குழு உள்ளே இருக்கும்போது மேலே மிதந்து பாருங்கள். அவர்கள் விடும் மூச்சு பாறையின் சந்துகளில் கசிந்து, திரைச்சீலை தொங்கவிட்டதுபோல் வரிசையாக வெள்ளிக் குமிழ்கள் எழும். பயமாக இருந்தால் அதைப் பார்த்ததோடு திரும்பிவிடுங்கள், குறைச்சல் ஒன்றுமில்லை.

குடும்பஸ்தன்: மனைவிக்கு நீச்சல் தெரியாது, பையனுக்கு எட்டு வயசு. அவங்க என்ன பண்றது?

பையனை லகூன் பக்கம் விடுங்கள், மணல் தரை, முழங்கால் ஆழம். எட்டு வயதுக்கு பயிற்றுநர் கையில் 2 மீட்டர் வரை டேங்கோடு மூச்சு விட்டுப் பார்க்கும் நிகழ்ச்சி உண்டு. அறிமுக டைவுக்குப் பத்து வயது ஆக வேண்டும், அதிகபட்சம் 12 மீட்டர். மனைவிக்கு உயிர்காப்புச் சட்டையும் ஸ்நார்க்கலும் போட்டு ‘லைட்ஹவுஸ்’ பகுதியில் வழிகாட்டியோடு இறக்குங்கள். நீச்சல் தெரிந்தவர் என்றால் ‘ஈல் கார்டன்’ பக்கம் இறங்கி நீரோட்டத்தோடு தெற்கே லைட்ஹவுஸ் வரை மிதந்து வரலாம். பெரும்பாலும் ஓட்டம் வடக்கிலிருந்து தெற்கே. இறங்குமுன் கரையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த ஈல் மீன்கள் மணலில் புதைந்த குச்சிகள்போல் நூற்றுக்கணக்கில் நின்று ஆடும். நேராகப் போனால் மொத்தமும் உள்ளே இழுத்துக்கொள்ளும். தள்ளி, அசையாமல் மிதந்தால் ஒவ்வொன்றாகத் தலை நீட்டும்.

காற்றாடி: கைட் சர்ஃபிங்?

அதே வடகாற்றுதான் மூலதனம், லகூன்தான் இடம். ஆரம்பக்காரர் மணல்திட்டுக்கு உள்பக்கமே இருங்கள். வெளிப்பக்கம் போய்ப் பட்டத்தின் கயிறு சிக்கினால் காற்று உங்களை வளைகுடாவுக்குள் கொண்டுபோகும், மீட்புப் படகு இல்லாத பள்ளியில் சேராதீர்கள்.

தயிர்சாதம்: சைவம். பட்டினியா?

இல்லை. குஷரி கேளுங்கள்: அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும். காலையில் ஃபூல், தாமியா. இரண்டும் மொச்சை இனத்து ஃபாவா பயறுதான். பருப்பு சூப்பை மட்டும் கோழிச்சாறு சேர்த்ததா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

முள்ளும்மலரும்: கடல்ல எதுக்கு பயப்படணும்? சுறாவா?

சுறாவைப் பார்த்தால் அதிர்ஷ்டம். கவலைப்பட வேண்டியது கல்மீன், சிங்கமீன், நெருப்புப் பவளம். அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் டைவருக்குக் கையுறை தடை. அதனால் எதையும் தொடாமல் இருப்பதே வழி. கல்மீன் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் முக்குங்கள், மருத்துவரிடமும் போங்கள். வலி மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வேறொருவர் கையை விட்டுப் பார்த்தபின்தான் முக்க வேண்டும். கோடையில் கூடு காக்கும் டைட்டன் ட்ரிகர் மீன் துடுப்பைக் கடிக்க வரும். அது தனக்கென்று காக்கும் இடம் கூட்டிலிருந்து மேலே விரிந்துகொண்டே போகும் கூம்பு. மேலே தப்பினால் துரத்தும். பக்கவாட்டில் விலகுங்கள்.

நிலாச்சோறு: பாலைவன ராத்திரிக்கு எங்க படுக்கறது?

உலர்ந்த ஆற்றுப்படுகையில் மட்டும் படுக்காதீர்கள். மணல் மெத்தென்று இருப்பதே தண்ணீர் வந்து போன இடம் என்பதால்தான். இலையுதிர், குளிர்காலத்தில் மலையில் எங்கோ மழை பெய்தால், தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே காட்டாறு வந்து சேரும். ஓரத்து மேட்டில் விரியுங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4, 5 லிட்டர். முஸைனா பழங்குடியினர் சாம்பலில் சுடும் ரொட்டியும் ஹபக் இலை போட்ட தேநீரும் தருவார்கள். சர்க்கரை தாராளம், கம்மியாக வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மணல்வீடு: இன்னொரு சந்தேகம். பாஸ்போர்ட்டை ரூம்லயே வெச்சுட்டு சுத்தலாமா? சினாய்க்கு இலவச முத்திரை போதும்னும் சொன்னாங்க.

வைக்காதீர்கள். ப்ளூ ஹோல், செயின்ட் கேத்தரின் வழியில் சோதனைச்சாவடிகளில் அசலைக் கேட்பார்கள், தண்ணீர் புகாத பையில் போட்டு வண்டியில் வையுங்கள். 15 நாள் இலவச முத்திரை குறிப்பிட்ட சில நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்கு மட்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். எகிப்துத் தூதரகத்தில் கேட்டு, முழு விசாவை முன்கூட்டியே வாங்கிவிட்டு டிக்கெட் போடுங்கள்.