அம்மாவின் குளிசைகளும் கிளினிக் கொப்பியும்

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றுக்கும் குளிசை போடுகிறார். டொக்டரை சனல் பண்ணி, காலி வீதியில் உள்ள பார்மசியில் மருந்து வாங்குகிறோம். பென்ஷனில் பெரும்பங்கு அதிலேயே போய்விடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மா, "இங்கே 65 வயதானால் மருந்துக்கு அரசாங்கமே காப்புறுதி தரும், அங்கே ஒன்றும் இல்லையா?" என்று கேட்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரி என்றாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்ன செய்யலாம்?
– வெள்ளவத்தை வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

பெரியம்மா சொன்னது பாதி உண்மை. அங்கே 65 வயதானவர்களுக்கு மெடிகெயார் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. மருந்துக்கான 'பார்ட் டி' என்ற பகுதி 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. அது சும்மா கிடைப்பதல்ல. தனியார் கம்பனிகள் நடத்தும் திட்டங்களில் ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், பெரும்பாலும் மாதாமாதம் பணமும் கட்ட வேண்டும். ஒரு திட்டத்தின் பட்டியலில் இருக்கும் மருந்து அடுத்ததில் இல்லாமல் போகலாம். காலம் தவறிச் சேர்ந்தால் தண்டப்பணம். ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றும் காலம். அந்த நாட்களில் பெரியம்மாவுக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள், தலையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

நம் ஊரில் அப்படி அட்டையும் இல்லை, திட்டமும் இல்லை. இங்கே உங்கள் அம்மாவின் மருந்துக் காப்புறுதி என்பது ஒரு கிளினிக் கொப்பிதான். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் பதிந்த நோயாளிக்குச் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மருந்துகள் இலவசம். வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. வெள்ளவத்தையிலிருந்து களுபோவில ஆஸ்பத்திரி பக்கம்தானே. கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கும் போகலாம். ஒரு மாதத்துக்கு உரியதைப் பொதுவாக ஒரே தடவையில் தருவார்கள்.

இதில் பலருக்குத் தோன்றாத ஒரு வழி இருக்கிறது. மாலையில் நீங்கள் சனல் பண்ணும் விசேட டொக்டர்களில் பெரும்பாலானவர்கள் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள். அடுத்த முறை போகும்போது, "டொக்டர், உங்கள் கிளினிக்கிலேயே அம்மாவைப் பதிய ஒரு கடிதம் தருவீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. பலர் உடனே எழுதித் தருவார்கள். அம்மாவுக்கும் பழகிய முகமாக இருக்கும்.

சரி, கிளினிக்கில் எல்லா மருந்தும் எப்போதும் இருக்குமா? இருக்காது. 2022 பொருளாதார நெருக்கடியில் பட்டதை யாரும் மறக்கவில்லை. இல்லாத மருந்தை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள், அதையும் முதலில் ஒசுசலவில் விசாரியுங்கள். பேராசிரியர் செனக பிபிலே காலத்தில், 1971இல் தொடங்கிய அரச மருந்துப்பொருட்கள் கூட்டுத்தாபனத்தின் கடை அது. அம்மாவுக்கு முதியோர் அடையாள அட்டை இல்லாவிட்டால் எடுத்துவையுங்கள். 60 வயது தாண்டிய எவரும் எடுக்கலாம், கிராம சேவகரிடம் கேட்டால் வழி சொல்வார். ஒசுசலவில் அந்த அட்டைக்கு விலைக்கழிவு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி மருந்தின் பெயர். நாம் எல்லோரும் கடையில் 'பனடோல்' என்றுதான் கேட்கிறோம். உள்ளே இருப்பது பரசிட்டமோல். அம்மாவின் குளிசைகளும் அப்படித்தான்: பெட்டியில் பெரிதாக இருப்பது கம்பனி வைத்த பெயர், சிறிதாக இருப்பது மருந்தின் பெயர். மெட்போர்மின், லொசார்ட்டன், அட்டோவாஸ்டட்டின் மாதிரியான அந்தச் சின்ன எழுத்துப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அதே மருந்து விலை குறைந்த தயாரிப்பாகவும் கிடைக்கும். ஆனால் தைரொயிட் குளிசை, வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வோர்பரின் ஆகியவற்றில் டொக்டரைக் கேட்காமல் கம்பனியை மாற்ற வேண்டாம்.

இந்தப் பெயர் விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் மாமா ஒருவர் கிளினிக்கில் கொடுத்த குளிசையும் போட்டார், சனல் பண்ணி எழுதிய குளிசையும் போட்டார். இரண்டுக்கும் இரண்டு பெயர், இரண்டு நிறம். ஒரு காலை குளியலறையில் தலை சுற்றி விழுந்த பிறகுதான் பார்த்தோம், இரண்டும் லொசார்ட்டன். டொக்டர்களில் பிழையில்லை. ஒருவரிடம் போனதை மற்றவரிடம் சொல்லாமல் விட்டது நாங்கள். ஆகவே கிளினிக் தொடங்கும் அன்றே வீட்டிலுள்ள குளிசை எல்லாவற்றையும், ஆயுர்வேதம் என்றாலும் சரி, ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் கொட்டுங்கள். எது தொடரும், எது நிற்கும் என்று டொக்டரே பிரித்துத் தருவார். மருந்து உறையில் சிங்களத்தில் எழுதியிருந்தால் அங்கேயே கேட்டு, 'காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்' என்று தமிழில் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் எழுதுவது சரிப்படாது.

அம்மா பென்ஷன்காரர் என்பதால் அரசாங்க ஊழியர்களுக்கான 'அக்ரஹார' காப்புறுதி பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். எந்த வருடம் ஓய்வுபெற்றார் என்பதைப் பொறுத்து விதி மாறும். திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேளுங்கள். அது முக்கியமாக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படும் செலவுக்கு உரியது, மாதாந்தக் குளிசைக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். தனியார் காப்புறுதி முகவர் வீடு தேடி வந்தால் ஒரே ஒரு கேள்வி: "ஏற்கனவே இருக்கும் சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் வாங்கும் மருந்துக்குப் பணம் தருவீர்களா? எழுத்தில் காட்டுங்கள்."

கடைசியாக அம்மா. அவருக்கு மருந்தில் சந்தேகமில்லை என்று நினைக்கிறேன். முப்பது வருடம் மற்றவர்களை வரிசையில் நிறுத்திய ரீச்சர் இப்போது தானே வரிசையில் நிற்க வேண்டும், மொழி தெரியாமல் விழிக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். அதை நோகாமல் கையாளுங்கள். முதலில் நீங்கள் மட்டும் ஒரு நாள் போய், எந்த வாசல், எத்தனை மணிக்கு இலக்கம், கழிவறை எங்கே என்று பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் டொக்டரைப் பார்க்க மட்டும் அம்மா உள்ளே போகட்டும், மருந்து வரிசையில் நீங்கள் நில்லுங்கள். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தால், காலைக் குளிசையை எப்போது போடுவது என்று முதலே கேட்டுவையுங்கள். சாப்பாட்டுப் பார்சலும் கையில் இருக்கட்டும். இரத்தம் கொடுத்த கையோடு அவர் சாப்பிட வேண்டும்.